காலை 8 மணிக்குத் தேதி மாறினால்

அன்புள்ள ஐயா,

பினாங்கில் கணினித் துறையில் இருக்கிறேன். என் குழுவில் சென்னைக்காரர்களும் லண்டன்காரர்களும் உண்டு. சென்னை நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். லண்டனோ வருடத்தில் இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றும். ஒரு கூட்டம் வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. உலகம் முழுக்க யூடிசி (UTC) என்ற உலகப் பொது நேரத்தையே ஒரே மணியாக வைத்துக்கொண்டால் என்ன?

ஒரு வாசகர், பினாங்கு

அன்புள்ள தம்பி,

விமானப் போக்குவரத்து ஏற்கெனவே யூடிசியில்தான் நடக்கிறது. அவர்களுக்கு அது சரி. நான் வசிக்கும் சுங்கை சிப்புட்டுக்கு அது பொருந்துமா என்று பாருங்கள்.

நமக்குக் காலை 8 மணி ஆகும்போதுதான் யூடிசியில் தேதி மாறும். செவ்வாய்க்கிழமை விடியற்காலை 6 மணிக்குப் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்ட ஆரம்பிப்பவருக்கு அது திங்கள் 22 மணி. மங்குகளில் வடிந்த பாலை அவர் ஸ்டோருக்குக் கொண்டுவரும்போது செவ்வாய் பிறந்திருக்கும். அந்தப் பால் எந்த நாள் கணக்கு? 7:30க்குத் தொடங்கும் பள்ளியில் பிள்ளை எழுதிய தேதி அரை மணியில் பழசாகிவிடும். ‘நாளைக்கு வர்றேன்’ என்றால் எப்போது என்று திருப்பிக் கேட்கவேண்டி வரும்.

வெட்டு நேரத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. குளிர்ந்த விடியலில்தான் பட்டைக்குள் பால் குழாய்களில் அழுத்தம் அதிகம். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் பால் குறைந்துவிடும்.

1981 டிசம்பர் 31 இரவு 11:30 ஆனதும் மலேசியத் தீபகற்பத்தில் கடிகாரத்தை 12 ஆக்கினார்கள், சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றாக்க. எங்கள் தோட்டத்தில் பெரட்டு மணியை, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் நேரத்தை மட்டும் மாற்றவில்லை. அம்மா அதுவரை போனதைவிட அரை மணி முந்திய இருட்டில் பால் வெட்ட இறங்கினார். மரங்களின் நிரையில் பாம்பு கிடந்தாலும் தெரியாது. கோலாலம்பூரில் அது வெறும் எண். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

சீனா 1949 முதல் நாடு முழுக்கப் பெய்ஜிங் நேரத்தை வைத்திருக்கிறது. ஆனால் மேற்கே சின்ஜியாங்கில் உய்குர் மக்கள் பலர் இரண்டு மணி நேரம் பின்தங்கிய உள்ளூர் நேரத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். மணி சொன்னால் எந்த மணி என்று கேட்கவேண்டிய நிலை. யூடிசி வந்தாலும், சென்னையில் இப்போது விழித்திருப்பார்களா என்று நீங்கள் கணக்குப் போட்டுத்தான் ஆகவேண்டும்.

கூட்ட அழைப்பில் யூடிசியை எழுதுங்கள், பக்கத்தில் ஒவ்வொருவரின் ஊர் மணியையும் எழுதுங்கள். நமக்கு மாலை 6 மணி என்றால் சென்னையில் 3:30, லண்டனில் காலை 10, கோடையில் 11. யாருடைய தூக்கமும் கெடாது.