வெள்ளத்தில் நின்ற ஆடி டிடி: காரா, பணமா, முதலில் அதை முடிவு செய்யுங்கள்

கேள்வி: கடலூரில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே கார் பைத்தியம். நான்கு மாதத்துக்கு முன் புதுச்சேரியில் ஒரு பழைய கார் டீலரிடம் 2016 மாடல் ஆடி டிடி கூப்பே, பிஒய்-01 பதிவு, 23 லட்சத்துக்கு வாங்கினேன். 'ஆக்சிடென்ட் இல்லை, தண்ணீரில் நிற்காத வண்டி' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இப்போது டேஷ்போர்டில் வரிசையாக வார்னிங் லைட் எரிகிறது, கண்ணாடி தானாக இறங்குகிறது. தெரிந்த மெக்கானிக் கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் வண்டல், சீட் தண்டவாளத்தில் துரு. ஆர்சி இன்னும் முதல் ஓனர் பெயரிலேயே இருக்கிறது. கேட்டால், 'உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்' என்று நான் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுகிறார். காரை விடவும் மனசு வரவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்பதா, இல்லை நஷ்டஈடு வாங்கிக்கொண்டு நானே சரிசெய்து, அப்படியே எக்சாஸ்ட்டும் மாற்றி ஓட்டுவதா?

பதில்:

கடைசி இரண்டு வரியில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது தம்பி. பணம் வேண்டும், காரும் வேண்டும், எக்சாஸ்ட்டும் வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலையே இருக்காது.

ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 19 என்ன சொல்கிறது என்றால், ஏமாற்றி வாங்க வைத்திருந்தால் நீங்கள் ஒப்பந்தத்தையே ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது ஒப்பந்தம் இருக்கட்டும், அவர் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் நான் எந்த நிலையில் இருந்திருப்பேனோ அந்த நிலைக்கு என்னைக் கொண்டுவாருங்கள் என்று கேட்கலாம். இரண்டில் ஒன்றுதான். இதில் பலருக்கும் தெரியாத விஷயம், நீங்கள் வாயால் சொல்லித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றில்லை, நடந்துகொள்வதை வைத்தே தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொல்லிவிடுவார்கள். வண்டல் இருப்பது தெரிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் ஓட்டிக்கொண்டு போனால், பாகங்களை மாற்றினால், பெயர் மாற்றி வரி கட்டினால், 'பார்த்தீர்களா, தெரிந்தே வைத்துக்கொண்டார்' என்ற வாதம் வரும். எனவே இன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். கிலோமீட்டர் மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டால், பணம்தான். எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த காரின் வயரிங்கில் தண்ணீர் புகுந்துவிட்டால் இன்று ஒரு கன்ட்ரோல் யூனிட், ஆறு மாதம் கழித்து இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும். இவ்வளவுதான் நஷ்டம் என்று ஒரு தொகையைச் சொல்லி அதை நிரூபிப்பது உங்களுக்கே கஷ்டம். 23 லட்சம் கொடுத்தேன், திருப்பிக் கொடு என்பது எளிமையான வழக்கு.

அடுத்து ஆதாரம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, ரெயின்போ நகரில் கார்கள் பாதி மூழ்கி நின்றதே, அந்தக் கணக்கில் வந்த வண்டியாக இருக்கும் என்று எனக்கும் சந்தேகம். சந்தேகத்தை வைத்து வழக்கு நடத்த முடியாது. உங்களிடம் உள்ள பழைய இன்சூரன்ஸ் தாள்களை எடுத்து நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் வாங்காத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடி) என்ற இடத்தைப் பாருங்கள். 2024ல் புதுப்பித்தபோது 45 சதவீதம் என்று இருந்து, அடுத்த வருடம் அதே ஓனர் பெயரில் சுழியாகியிருந்தால், நடுவில் யாரோ க்ளெய்ம் வாங்கியிருக்கிறார்கள் என்று யோசிக்க இடம் இருக்கிறது. அந்த போனஸை அவர் தன் வேறொரு காருக்கு மாற்றியிருக்கவும் கூடும், எனவே அது மட்டும் போதாது. ஆனால் அந்த க்ளெய்ம் ஃபைலையும் சர்வேயர் அறிக்கையையும் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து வரவழைக்க வேண்டும் என்று நுகர்வோர் ஆணையத்தில் மனு போட அது போதுமான காரணம். ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டமாகக் கணக்கு முடித்து, வண்டியை ஏலத்தில் தள்ளிவிடுவார்கள். அங்கிருந்து எடுத்து, கழுவித் துடைத்து, சென்ட் அடித்து விற்கிற வியாபாரம் ஒன்று நடக்கிறது. உங்கள் வண்டி அந்த வழியில் வந்திருந்தால் அந்த ஃபைலிலேயே தெரிந்துவிடும்.

மெக்கானிக்கிடம் ஒரு விஷயம் கறாராகச் சொல்லுங்கள்: அந்த வண்டலைச் சுத்தம் செய்யக் கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் பழுப்பாக ஒரு கோடு இருந்தால் அதையும் வீடியோ எடுங்கள், யாரும் கழுவ நினைக்காத இடம் அது. அப்புறம் லைசென்ஸ் உள்ள மோட்டார் சர்வேயர் ஒருவரிடமோ கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ எழுத்து மூலமான அறிக்கை வாங்குங்கள். தெரிந்த மெக்கானிக் வாயால் சொன்னது வழக்கில் நிற்காது. பின்னால் ஆணையமே நிபுணரை வைத்துப் பரிசோதிக்க உத்தரவிடலாம், அதற்கு வண்டி இதே நிலையில் இருந்தாக வேண்டும்.

'உள்ளது உள்ளபடி' தாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த வாசகம் தேய்ந்த டயருக்கும் கீறலுக்கும் செல்லும், சொன்ன பொய்க்குச் செல்லாது. ஆனால் பிரிவு 19க்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கொஞ்சம் கவனித்திருந்தாலே உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்ற நிலையில், விற்றவர் வெறுமனே சொல்லாமல் மறைத்திருந்தால் ரத்து செய்ய முடியாது. டீலர் தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும்: 'கார் பைத்தியம் என்கிறார், கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கத் தெரியாதா?' இங்கேதான் வாட்ஸ்அப் உங்களைக் காப்பாற்றுகிறது. அவர் மௌனமாக இருக்கவில்லை, தண்ணீரில் நிற்காத வண்டி என்று எழுதியே கொடுத்திருக்கிறார். துணிந்து சொன்ன பொய்க்கு அந்த விதிவிலக்கு உதவாது. அதனால் அந்த மெசேஜை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63ன்படி சான்றிதழ் ஒன்றும் இணைக்க வேண்டும், உங்கள் வக்கீல் தயார் செய்துவிடுவார்.

எங்கே வழக்குப் போடுவது? கடலூரிலேயே போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்று வந்துவிட்டது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம்தான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 'நான் வெறும் கமிஷன் ஏஜென்ட், விற்றது ஓனர்' என்று டீலர் நழுவப் பார்ப்பார், பணம் யார் கணக்குக்குப் போனது என்று பாங்க் ஸ்டேட்மென்ட் சொல்லும். தவிர, 2023 ஏப்ரல் முதல் பழைய கார் டீலர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், ஓனர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய விதி இருக்கிறது. அப்படித் தெரிவித்திருந்தால் அந்த டீலரே ஓனராகக் கருதப்படுவார். தெரிவிக்கவில்லையா, அதையும் டீலருக்கு அனுப்பும் நோட்டீஸில் எழுதுங்கள். புகாரில் முதல் ஓனரையும் ஒரு எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

போலீஸ்? ஏமாற்றுதலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318 இருக்கிறது. ஸ்டேஷனில் 'இது சிவில் சார்' என்று அனுப்பிவைக்கத்தான் வாய்ப்பு அதிகம். புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள், அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஆர்சி விஷயம் இதைவிட அவசரம். வண்டி யாரையாவது இடித்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் பொறுப்பு என்று 2018ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அது முதல் ஓனர் பயப்பட வேண்டிய விஷயம். நீங்கள் பயப்பட வேண்டியது வேறு. மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு வந்துவிடும். வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு, பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றாத வரை வராது. நாளைக்கு ஆல்பேட்டை பக்கத்தில் எதிலாவது மோதினால் 23 லட்சமும் உங்கள் தலையில்தான், வழக்குச் சொத்தும் போச்சு. வண்டியை நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இவ்வளவு சொன்ன பிறகும் கார்தான் வேண்டும் என்றால், அது உங்கள் காசு, உங்கள் ஆசை. அப்போது நஷ்டஈடு மட்டும் கேட்கும் வழக்கு, அதற்கும் சர்வேயர் அறிக்கை வாங்கிய பிறகே ஸ்பேனரைத் தொட விடுங்கள். ஆர்சியை உங்கள் பெயருக்கு மாற்ற, புதுச்சேரி போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 28ல் என்ஓசி (தடையில்லாச் சான்று), 29, 30ல் முதல் ஓனர் கையெழுத்து, கடன் பாக்கி இருந்திருந்தால் 35, இத்தனையும் வேண்டும். பாண்டி நம்பரை 12 மாதம் சும்மா ஓட்டலாம் என்று டீக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள். அந்த 12 மாதம் மறுபதிவுக்கான கெடு, தமிழ்நாட்டு வரி தனிக் கணக்கு. 2023 நவம்பரிலிருந்து இங்கே 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும் என்றாலும் இந்த விலைக் காருக்கு அது சில்லறைத் தொகையாக இருக்காது. கடலூர் ஆர்டிஓ ஆபீஸில் உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கேட்டு, அந்தத் தொகையையும் ரிப்பேர் மதிப்பீட்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

எக்சாஸ்ட் வேண்டாம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52ன்படி தப்பு, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழி இருக்கிறது. அதைவிட முக்கியம், வழக்கு நடக்கும்போது நீங்கள் ஒரு போல்ட்டை மாற்றினாலும் 'இவர் கைவைத்ததால்தான் கெட்டது' என்று டீலர் முடித்துவிடுவார். முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடு என்று. பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது டெலிவரி ஆனதற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.