'மீட்' என்றால் இறைச்சி என்று எழுதி 1,200 ரூபாய் இழந்தவன் பதில்

"பழைய ஆங்கிலச் சொற்களுக்கு அந்தக் காலத்தில் என்ன பொருள் இருந்தால் நமக்கென்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள், இந்தப் பாடம் கழுத்தை அறுக்கிறது போல. எனக்கு இதில் 1,200 ரூபாய் போயிருக்கிறது, அதனால் நான் சொல்கிறேன்.

வார்த்தைக்கு இத்தனை பைசா என்று மொழிபெயர்ப்பு செய்து பிழைப்பவன் நான். நாலு வருஷம் முன்னால் ஒரு பழைய ஆங்கிலப் பிரசங்கம் வந்தது, உள்ளே 1611-இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளிலிருந்து நிறைய வசனங்கள். லேவியராகமத்தில் 'மீட் ஆஃபரிங்' என்று ஒன்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'இறைச்சிப் பலி' என்று பதினேழு இடத்தில் போட்டு அனுப்பிவிட்டேன்.

மெய்ப்புப் பார்த்தவர் பாளையங்கோட்டைக்காரர், ஓய்வுபெற்ற டீச்சர். போனில் கூப்பிட்டார். "தம்பி, அடுத்த வரிய வாசிச்சீங்களா? மெல்லிய மாவு, எண்ணெய், மேல தூபவர்க்கம். இதுல இறைச்சி எங்க இருக்கு?" தமிழ் பைபிளில் அது 'போஜனபலி'. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் தேடினேன். பழைய ஆங்கிலத்தில் 'மெட்டெ' என்றால் சாப்பாடு, எந்தச் சாப்பாடானாலும் சரி. அதே பைபிளில் ஆதியாகமம் முதல் அதிகாரத்திலேயே செடிகொடியையும் பழத்தையும் மனுஷனுக்கு 'மீட்' ஆகத் தந்தேன் என்று கடவுள் சொல்கிறார். இனிப்புப் பண்டத்துக்கு 'ஸ்வீட்மீட்' என்ற பெயர் மிச்சமிருப்பதும் அதனால்தான். மானைக் குறிக்கும் 'டீர்' அன்று எந்த விலங்குக்கும் பொது. 'ஸ்டார்வ்' என்றால் வெறுமனே சாவது, பட்டினி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 'சில்லி' என்று இன்று திட்டுகிறோமே, அது புறப்பட்ட இடம் பாக்கியவான்! அங்கிருந்து அப்பாவி, ஐயோ பாவம், அசடு என்று படிப்படியாக இறங்கியிருக்கிறது.

1611-இல் இருந்தது 'பழைய ஆங்கிலம்' இல்லையே, அந்தப் பெயர் அதற்கும் முந்தைய ஆங்கிலத்துக்குத்தானே, 1066-இல் பிரான்சிலிருந்து நார்மானியர் வந்து இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நூறு வருஷத்துக்குள் அது மாறிப்போயிற்றே என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். தெரியும். சொல் பழையது என்றுதான் சொல்கிறேன். நான் மொழியியல் படித்தவனும் இல்லை.

டீச்சரே என்னைச் சமாதானமும் செய்தார். "உங்க வீட்ல கறின்னா என்ன?" ஆட்டுக்கறி என்றேன். "எதிர்வீட்ல வாழைக்காய்க் கறி வைக்காங்கள்லா, அதுல ஆடா இருக்கு?" சங்க காலத்துக்குப் போனால் கறி என்பது மிளகு. யவனர் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதாக அகநானூற்றில் வருகிறது. இதைப் பள்ளியில் படித்தவன்தான் நான், இருந்தும் இன்னொரு மொழியின் சொல் மட்டும் நானூறு வருஷமாக அசையாமல் நின்றிருக்கும் என்று நம்பியிருக்கிறேன்.

பதினேழு இடத்தையும் நானே இலவசமாகத் திருத்திக் கொடுத்தேன். அப்படியும் 'தரக்குறைபாடு' என்று அந்த நிறுவனம் 1,200 ரூபாயைப் பிடித்துக்கொண்டது. பிடிப்பதற்கு இரண்டே நாள், கொடுக்க வேண்டியதற்கு ஐந்து மாதம். தவறு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்த டீச்சருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பக்கத்துக்கு எட்டு ரூபாயாம்.