மார்வெல் வில்லன் க்ளாவின் உடல் நிஜமாகவே ஒலியா? வைப்ரேனியம் அவனை எப்படி அடக்குகிறது?

'பிளாக் பேந்தர்' படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும். படத்தில் க்ளா சாதாரண மனிதன். இழந்த இடது கைக்குப் பதில் ஒலி ஆயுதம், அவ்வளவுதான். காமிக்ஸில் கதையே வேறு. 1966இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 53ஆம் இதழில் அறிமுகமான அவன், கற்பனை ஆப்பிரிக்க நாடான வகாண்டாவின் அபூர்வ உலோகமான வைப்ரேனியத்துக்காக அந்நாட்டு மன்னன் டி'சாக்காவைக் கொன்றவன். மன்னனின் மகனான சிறுவன் டி'சல்லா (பின்னாளில் பிளாக் பேந்தர்) க்ளாவுடைய ஒலி ஆயுதத்தையே திருப்பிச் சுட்டதில் வலது கை போனது. பிறகு, தான் உருவாக்கிய ஒலி மாற்றிக் கருவிக்குள் தானே குதித்து, திட வடிவ ஒலியாக மாறினான்.

வகாண்டா வைப்ரேனியம் அதிர்வை உறிஞ்சி, தன் அணுப் பிணைப்புகளில் சேமித்துக்கொள்ளும். க்ளாவின் தாக்குதல் மட்டுமல்ல, உடலே அதிர்வுதான் என்பதால், அது அவனுக்கு இரட்டை ஆபத்து. அவனைப் படைத்தவர்களின் சாமர்த்தியம் இங்கேதான் தெரிகிறது: அவன் பேராசைப்பட்ட உலோகமே அவனுக்கு எமன்.

இயற்பியல் இதற்கு இடம் தராது. ஒலி ஒரு பொருளல்ல, ஊடகத்தில் பரவும் அழுத்த மாற்றம்; 20 டிகிரி செல்சியஸ் காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் ஓடியே ஆகவேண்டும், உருவமாக நிற்காது. சத்தத்துக்கும் உச்சவரம்பு உண்டு. கடல்மட்டக் காற்றில் ஏறத்தாழ 194 டெசிபலில் அலையின் தாழ்பகுதி வெற்றிடத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் போனால் அது ஒலியலை அல்ல, அதிர்ச்சி அலை.