தக்காளியை நிறுத்தினீர்கள், வலி மாத்திரையை?

கோத்தகிரி வாசகிக்கு,

அப்பாவின் சிறுநீரகம் கெட்டதற்கும் உங்கள் சிறுநீரகக் கல்லுக்கும் தக்காளிதான் காரணமோ என்று பயந்து, அதைச் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவின் சிறுநீரகத்தைக் கெடுத்தது தக்காளி இல்லை. இருபது வருடச் சர்க்கரையும், கட்டுக்குள் வராத பிரஷரும். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அவர் தக்காளியைத் தொடக்கூடாது என்றார்கள், அது சரிதான். 100 கிராம் தக்காளியில் சுமார் 240 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. செயலிழந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அது அவருக்கான பத்தியம், உங்களுக்கானது அல்ல. உங்களுக்கு ஸ்கேனில் தெரிந்தது 4 மில்லிமீட்டர் கல் ஒன்று. அந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும்.

தக்காளி விதைதான் கல்லாக மாறுகிறது என்ற வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள். விழுங்கிய விதை குடல் வழியாக வெளியே போகும். சிறுநீரகத்துக்குப் போக அதற்கு வழியே கிடையாது. கல் உருவாகக் காரணமாகும் ஆக்ஸலேட் என்ற உப்பும் தக்காளியில் சில மில்லிகிராம்தான். பாலக்கீரையில் பல நூறு மில்லிகிராம், அதை வேண்டுமானால் குறையுங்கள். நெஞ்செரிச்சலா? ராத்திரியில் மட்டும் தக்காளி ரசம் வேண்டாம்.

எனக்குக் கவலை தந்தது நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியது: கொழுந்து பறித்து வந்த இடுப்பு வலிக்கு இரண்டு வருடமாக மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. நீங்கள் அனுப்பிய படத்தில் அட்டை தெளிவாகத் தெரிகிறது, டைக்ளோஃபெனாக். பத்தில் ஏழு குழி காலி. குளிர்கிறது, தாகமே இல்லை என்று பகல் முழுக்க இரண்டு டம்ளர் டீயோடு ஓட்டும் உடம்பில் இந்த மாத்திரை சிறுநீரகத்தை நேராகத் தாக்கும். இன்றே நிறுத்துங்கள். வெந்நீராகவாவது ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் குடியுங்கள். சிறுநீர் வெளுத்துப் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். விலாப்பக்கம் வலி, அதோடு காய்ச்சல், உடம்பு தூக்கிப்போடுகிற நடுக்கம். நம் மலையில் இந்த நடுக்கத்தைப் பனிக்குளிர் என்று நினைத்து, கம்பளியைப் போர்த்திப் படுத்துவிடுகிறார்கள். காலையில் ரத்த அழுத்தம் இறங்கி, நினைவு தப்பிய நிலையில் தூக்கி வருகிறார்கள். கல் அடைத்த சிறுநீரகத்தில் சீழ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மாத்திரைக்குக் கேட்காது, குழாய் வைத்து அடைப்பைத் திறந்தாக வேண்டும். விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த ராத்திரியே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததால் உங்களுக்கும் சர்க்கரை, பிரஷர், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் நான்கையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். அந்த அட்டையையும் மறக்காமல் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

ரிப்போர்ட் சரியாக இருந்தால் தக்காளியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். எண்ணெயில் நன்றாக வதக்கிய தொக்கில் லைகோபீன் என்ற சிவப்பு நிறச் சத்து, சமைக்காத தக்காளியில் இருப்பதைவிட எளிதாக உடம்பில் சேரும். வாசலில் மரத்தக்காளி காய்த்துத் தொங்குகிறது, தொடவே பயம் என்று எழுதியிருந்தீர்களே, அதையும் பறியுங்கள். தணலில் சுட்டு, கசக்கும் தோலை உரித்து, பூண்டும் பச்சை மிளகாயும் வைத்து அரையுங்கள். உப்பு மட்டும் குறைவாக.