எட்டு இடம் வேண்டாம், ஒரு ரயிலும் ஒரு பூங்காவும் போதும்

கேள்வி: ஏப்ரல் கடைசியில் என் ஆறு வயது மகளோடு குன்னூர் போகிறேன். இரண்டு இரவு தங்கல். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, நாங்கள் இருவர்தான். சிம்ஸ் பூங்கா, லேம்ஸ் ராக், டால்பின் நோஸ், தேயிலைத் தொழிற்சாலை, தொட்டபெட்டா, ரோஜாப் பூங்கா, தாவரவியல் பூங்கா, படகு இல்லம் என்று எட்டு இடத்தையும் ஒரே நாளில் காட்டிவிடுவதாக டாக்ஸிக்காரர் சொல்கிறார். மகளுக்கு வளைவுப் பாதையில் வாந்தி வரும். ஆனால் இவ்வளவு தூரம் போய் எதையும் விட மனசில்லை. எதை விடலாம்? (வாசகி, கரூர்)

பதில்: எதை விடுவது என்று யோசிப்பதை விட்டு, எதை வைத்துக்கொள்வது என்று யோசியுங்கள் தோழி. அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் நான் முதலில் சொல்வேன், மலை ரயில். எட்டு இடம் என்றால் எட்டு முறை ஏறி இறங்கணும், எட்டு இடத்திலும் பார்க்கிங், டிக்கெட் வரிசை, நடுவில் உங்கள் மகளுக்குக் குமட்டல். சீசன் நெரிசலில் சாயங்காலம் அறைக்குத் திரும்பும்போது குழந்தை அழுதுகொண்டும் நீங்கள் அதட்டிக்கொண்டும்தான் இருப்பீர்கள். நீங்கள் இருவர் மட்டும் போகிற பயணம் அப்படி முடியக் கூடாது.

காலையில் அவசரமில்லாமல் இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்து மணி வாக்கில் குன்னூர் ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பும் ரயில் அதற்குப் பிறகுதான் புகைவிட்டுக்கொண்டு வந்து சேரும் (நேரத்தை முந்தின நாளே ஸ்டேஷனில் கேட்டுவிடுங்கள்). நீராவி எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும், அதை மகளே கண்டுபிடிக்கட்டும், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். ஏன் என்று கேட்பாள். 12 அடிக்கு 1 அடி என்கிற அளவுக்குச் செங்குத்தான ஏற்றம் அது, அதனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இன்னொரு தண்டவாளம் ஓடுகிறது, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் மேலே ஏறுகிறது, சைக்கிள் செயினும் பல்சக்கரமும் மாதிரி. குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அதை நின்று பார்க்க விடுங்கள். ஆறு வயதுக்கு அது எந்த வியூ பாயிண்டைவிடவும் பெரிய காட்சி. குன்னூர் வரை 1899லும் ஊட்டி வரை 1908லும் ஓடத் தொடங்கிய ரயில் இது, 2005ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது.

அங்கிருந்து ஊட்டிக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். முன்பதிவு செய்துவிடுங்கள், சீசனில் கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று மெதுவாகப் போகும். கேத்திப் பக்கம் பள்ளத்தாக்கு முழுக்க காய்கறித் தோட்டம், கேரட்டும் முட்டைக்கோசும் அடுக்கடுக்காகத் தெரியும். கார் அளவுக்கு இந்த ரயில் குலுக்கித் திருப்பாது, பல குழந்தைகளுக்கு வாந்தியும் வராது. இருந்தாலும் கைப்பையில் ஒரு கவர் இருக்கட்டும்.

ஊட்டியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டோ பிடித்துத் தாவரவியல் பூங்கா. அதோடு சரி. 1848ல் உருவான தோட்டம், அங்கே கல்லாகிப் போன மரத்தண்டு ஒன்று இருக்கிறது, 2 கோடி வருஷம் பழசு என்பார்கள். அவள் அதைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படலாம், அல்லது அதைக் கண்டுகொள்ளாமல் புல்வெளியில் உருண்டுகொண்டே இருக்கலாம். உருளட்டும், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். போட்டோவுக்காக அவளை எழுப்பி நிறுத்தாதீர்கள். சூடாக டீயும் ஊட்டி வர்க்கியும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் பஸ்ஸிலோ ரயிலிலோ குன்னூர் திரும்பலாம். மூடுபனி இறங்கிவிட்டால் தொட்டபெட்டாவில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது, படகு இல்லத்தில் பாதி நேரம் வரிசையில்தான் போகும். இரண்டையும் விட்டதற்கு வருத்தப்படாதீர்கள்.

சில நடைமுறை விஷயங்கள். வெளியூர் கார் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும், அரசு பஸ்ஸில் போனால் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். வெயில் அடித்தாலும் ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும், மதியத்துக்கு மேல் மழை வரலாம். தின்பண்டக் கவரை வெளியே தெரிய வைக்காதீர்கள், குரங்கு பிடுங்கும்.

கிளம்பும் நாள் காலையில் இன்னும் ஆசை மிச்சமிருந்தால், சிம்ஸ் பூங்காவா டால்பின் நோஸா என்று மகளிடமே கேளுங்கள். டால்பின் நோஸ் என்றால் அதே டாக்ஸிக்காரரை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள், லேம்ஸ் ராக்கும் அதே வழியில்தான். சாப்பிட்டவுடன் வண்டியில் ஏற்றாமல் கொஞ்ச நேரம் கழித்து ஏற்றுங்கள், கையில் போன் கொடுக்காமல் பின் சீட்டின் நடுவில் உட்காரவைத்து எதிரே பாதையைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், குமட்டல் குறையும்.