எறும்புத்தின்னியா, மண்பன்றியா?

வணக்கங்க,

பள்ளி மலருக்கு ஆப்பிரிக்க விலங்குகள் பக்கம் ஒன்று தயாரிக்கிறோம். ஆர்ட்வார்க் படத்தின் கீழே 'எறும்புத்தின்னி' என்று போட்டிருந்தோம். ஆசனூர்ப் பையன் ஒருவன், "அது நம்ம அழுங்குங்க டீச்சர், இதுக்குச் செதிலே காணோமே" என்கிறான். என்ன பெயர் போடட்டுங்க?

ஆசிரியை, சத்தியமங்கலம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

பையன் சொன்னதுதான் சரி. எறும்புத்தின்னி என்றால் இங்கே அழுங்கு. தென் அமெரிக்க விலங்கு ஒன்றுக்கும் அதே பெயரைப் போடுகிறார்கள். இதையும் சேர்த்தால் குழப்பம் மூன்றாகும்.

தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் மொழியில் ஆர்ட் என்றால் மண், வார்க் என்றால் பன்றி. மண்ணைத் தோண்டுவதையும் பன்றி போன்ற மூஞ்சியையும் பார்த்து வைத்த பெயர். முதலில் 'ஆர்ட்வார்க்' என்றே எழுதுங்கள், பக்கத்தில் ஒருமுறை 'மண்பன்றி' போடுங்கள், படத்தின் கீழே 'பன்றி இனமல்ல' என்று ஒரு வரி. அந்த வரியை விட்டால் பிள்ளைகள் பன்றி என்றே படித்துவிடுவார்கள்.

சொந்தம் பார்த்தால் வேடிக்கை. அழுங்குக்கு நாய், பூனை வகையறா கிட்டத்து உறவு. ஆர்ட்வார்க்குக்கோ டாப்சிலிப் யானைதான் பங்காளி! இரண்டும் கரையான் தின்பதால் நாக்கும் நகமும் ஒத்துப்போனது, அவ்வளவுதான்.

கரையான் புற்றில் கடப்பாரை போட்டவர்களுக்கு அந்த மண்ணின் இறுக்கம் தெரியும். 40 முதல் 65 கிலோ எடையுள்ள இந்த விலங்கு அதை நகத்தாலேயே பெயர்க்கிறது. முன்காலில் நான்கே விரல், மண்வெட்டி மாதிரித் தட்டையான நகம். தோண்டும்போது காதை மடக்கிக்கொள்ளும், மண் புகாமல் மூக்குத்துளையை மூடிக்கொள்ளும். உடைந்த இடத்தில் கரையான் திரண்டு வரும்போது சுமார் 30 செ.மீ. நீளமுள்ள பசைநாக்கு உள்ளே போய்விடும். கடித்தாலும் தடித்த தோலுக்கு உறைக்காது. மெல்லுவது குறைவு, அரைப்பதெல்லாம் இரைப்பையின் தசைதான்.

பல்லைப் பற்றி ஒரு வரி கட்டாயம் சேருங்கள். முன்பல் கிடையாது. கடைவாய்ப் பல்லுக்கு எனாமலும் இல்லை, வேரும் இல்லை. நுண்ணிய குழாய்களைக் கட்டாகக் கட்டி நிறுத்தியதுபோல் இருக்கும், தேயத்தேய வளரும். விலங்குகளை வகை பிரிக்கும்போது 'குழாய்ப்பல் வரிசை' என்று இதற்காகவே ஒரு பிரிவைத் தனியாக வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் இன்று உயிரோடிருப்பது இது ஒன்றே.

'பூச்சி மட்டுமே தின்னும்' என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். வெள்ளரி இனத்துக் கொடி ஒன்று மண்ணுக்குள்ளேயே காய்க்கிறது. ஆர்ட்வார்க் அதைத் தோண்டித் தின்று, விதையோடு வரும் சாணத்தை மண் தள்ளி மூடிவிடும். அடுத்த கொடி அங்கேதான் முளைக்கிறது.