சமையல் குறிப்பில் "பூண்டு 4" என்றால் நான்கு முழுப் பூண்டா, நான்கு பல்லா?

பல்தான். மண்ணுக்கடியில் விளையும் முழு உருண்டை பூண்டு. அதை உடைத்தால் தனித்தனித் தோலோடு பிரிகிற ஒவ்வொன்றும் ஒரு பல். ஒரு பூண்டில் பெரும்பாலும் 10, 12 பல் இருக்கும். முழுசாக வேண்டுமென்றால் "முழுப் பூண்டு" என்றே எழுதியிருப்பார்கள். பல்லின் அளவு ரொம்பவே மாறும் என்பதால் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். பொடிப் பல் என்றால் இரண்டை ஒன்றாகக் கணக்கிடுங்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியம், அதை என்ன செய்கிறோம் என்பது. உரித்த முழுப் பல்லில் அவ்வளவாக வாசனை இருக்காது. நசுக்கும்போதுதான் செல்கள் உடைந்து, அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் சேர்ந்து அல்லிசின் உண்டாகிறது. அந்த நெடியும் காரமும் அதனால்தான். அதே 4 பல்லை நசுக்கினால் காரம் தூக்கலாக இருக்கும். சீவிப் போட்டால் மிதம். முழுசாக மெதுவாக வேகவிட்டால் இனிப்புத் தட்டும். சூடு அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். எனவே காரம் வேண்டுமானால் நசுக்கி 10 நிமிடம் வைத்துவிட்டு, அப்புறம் அடுப்பில் சேருங்கள்.

நடுவில் பச்சை முளை விட்டிருந்தாலும் தூக்கிப்போட வேண்டாம், லேசாகக் கசக்கும், அவ்வளவுதான். வேகவைக்காமல் சேர்ப்பதாக இருந்தால் முளையை மட்டும் கிள்ளி எடுத்துவிடுங்கள்.